சுவருக்குத் தண்ணீர்

சுவருக்கு நூல் கட்டும்போதே சண்டை வந்துவிடும் என்று நினைத்துத்தான் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கொல்லைக் கோடியில் ஆணி அடித்து நூலைக் கட்டினார். வீட்டோரமாக என் கொழுந்தன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றரை வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும். இவர் நூலைப் பார்த்து, "தொய்வா இருக்கு" என்றார். அவனும் நூலையே பார்த்து, "இப்ப?" என்றான். இவர் "ம்" என்றார். சண்டை வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சுவர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். வீடு எப்போதோ இரண்டாகிவிட்டது. ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு சமையலறை. கொல்லை மட்டும் பொது. துணி காயப்போடப் போனால் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் அவனும் அவன் மனைவியும் வேறு ஊரில் இருந்தார்கள். சாவுக்குத்தான் வந்தான். எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைப் பார்த்தான். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் என் பக்கம் திரும்பி, "பட்டினி போட்டே எங்கம்மாவைக் கொன்னுட்டீங்க அண்ணி" என்றான். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன், என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இவர் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. பிறகு தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்காக அவர் செய்தது அது ஒன்றுதான். சில மாதம் கழித்து அவர்கள் பக்கத்துப் பாதிக்கே குடிவந்தார்கள்.

வெளியிலிருந்து கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அவன் கூட்டிவரும் ஆள் நூலை இந்தப் பக்கம் தள்ளிவிடுவான் என்று இவருக்குச் சந்தேகம், இவர் கூட்டிவரும் ஆள் மேல் அவனுக்கு அதே சந்தேகம். இவர்களுடைய அப்பா கொத்தனார். பள்ளி விடுமுறை முழுக்க இரண்டு பேரும் அவருக்குச் சட்டி சுமந்து, கரண்டி பிடித்தவர்கள். பிறகு ஒருவர் மின்சார ஆபீஸுக்குப் போனார், இன்னொருவன் லாரி ஓட்டப் போனான். இருவரும் ஒரே சமயத்தில் லீவு போட்டுவிட்டு, தாங்களே கட்டுவது என்று முடிவானது. ஒருவரை ஒருவர் நம்பாததால் சேர்ந்து வேலை செய்த ஆட்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

மணல் அவன் பக்கம் கொட்டியிருந்தது. சிமெண்டு மூட்டைகள் நனைந்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டில், மாமியார் இருந்த அறையில் அடுக்கினோம். மூட்டையை இவர்தான் உள்ளேயிருந்து தூக்கி வருவார். அவன் எங்கள் படியேற மாட்டான். போக வர, சுவருக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். கலவையைக் கரண்டியால் அள்ளிப் போடுவது, கல்லை வைத்துப் பிடியால் இரண்டு தட்டு தட்டுவது, பிதுங்கியதை வழித்தெடுப்பது. இதையே மறுபடியும் மறுபடியும். இரண்டாம் நாளே இரண்டு பேருக்கும் கை ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது. அவன் கையை நீட்டுமுன் இவர் தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தார். பேச்செல்லாம் சுவரைப் பற்றித்தான். "அந்தக் கல்லு முழிக்குது பாரு" என்பார் இவர். அவன் துருத்திய கல்லை எடுத்துவிட்டு வேறு வைப்பான். அம்மா போனதிலிருந்து பாதி ராத்திரியில் எழுந்து நடந்துகொண்டிருந்த மனுஷன், அந்த வாரம் பாயில் விழுந்ததும் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மேல் விழுந்த சொல்லுக்காகக் கட்டும் சுவர், நிம்மதி மட்டும் அவர்களுக்கு.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் செங்கல் நனைக்க ஆரம்பித்தேன். தொட்டித் தண்ணீரில் போட்டதும் கல் சீறும். பொடிப்பொடியாகக் குமிழ் விடும். குமிழ் நின்றதும் எடுத்துவிட வேண்டும், அதிகம் ஊறினால் கலவையில் வழுக்கும். நான் கல்லைக் கையில் கொடுத்தேன், வாங்குவது யார் கை என்று பார்க்கவில்லை. சாயங்காலம் விரல் நுனியெல்லாம் தேய்ந்து எரிந்தது. சோறு வடிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து அந்தச் சொல் என் நினைவுக்கே வரவில்லை. ஒன்றரை வருஷத்தில் அப்படியொரு பகல் எனக்கு வாய்த்ததில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுந்து தொட்டியை நிரப்பினேன்.

கடைசி நாள் நடு இடைவெளியை அடைத்தார்கள். இரண்டு பக்க வரிசையும் வந்து சேரும் இடம், வரி பிசகினால் அசிங்கமாகத் தெரியும். இவர் ரசமட்டம் வைத்துப் பார்க்க, அவன் அரைக்கல்லாக உடைத்து உடைத்துப் பொருத்தினான். முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, தலைக்கு மேலும் போனது. நான் கல்லைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் கல்லைத் தட்டி வைத்து, வழித்து, ஸ்டூலிலிருந்து இறங்கி மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம். நேராக இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து அவன் மனைவி, என் ஓரகத்தி, சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்" என்று அவன் திரும்பி இரண்டடி வைத்தான். எதிரே சுவர்.

அவன் எங்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஈரம் காயாத பச்சைச் சுவரில் ஏணி சாத்த முடியாது, தாண்டவும் முடியாது. வெளியே போக எங்கள் வீட்டு வழி ஒன்றுதான். இவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு மாதிரியே வாயைத் திறக்கவில்லை. அவன் குழாயடியில் காலைக் கழுவினான். கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவினான். நான் பின்வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.

மாமியாரின் அறையைக் கடந்துதான் முன்வாசலுக்குப் போக வேண்டும். அவன் வேகமாகப் போனவன் அங்கே நின்றுவிட்டான். கட்டில் இருந்த இடத்தில் காலி சிமெண்டுப் பைகள் கிடந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகச் சுவரையே பார்த்துப் பழகிய கண் சுவருக்குத்தான் போனது. படுத்தால் தலை வரும் உயரத்தில், மஞ்சளாகக் காய்ந்துபோன புள்ளிகள், வழிந்த கோடுகள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாதவை. வெள்ளையடித்தால் மறைந்துவிடும், நான் அடிக்கவில்லை. சாட்சிக்கு வைத்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரையும் கூப்பிட்டுக் காட்டியதில்லை.

"இது என்ன அண்ணி?"

"கஞ்சி" என்றேன். "ஸ்பூனைப் பக்கத்துல கொண்டுபோனாலே கையால தட்டி விட்டுருவாங்க. வாயில ஊத்தினா துப்பிடுவாங்க."

அவன் ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தான். "தினமுமா?"

"மூணு வேளையும்."

அவன் அடுத்த புள்ளியையும் தேய்த்துப் பார்த்தான். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"யாரு கேட்டீங்க தம்பி?"

தம்பி என்று வாயில் வந்துவிட்டது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது, அந்தச் சொல்லைச் சொன்னபோது கூடியிருந்தவர்கள் இப்போது இல்லையே. முன்வாசலில் செருப்பில்லாத காலோடு இறங்கி, தெருவைப் பார்த்தபடி, "ஒரு வாரத்துக்கு ரெண்டு வேளையும் சுவருக்குத் தண்ணி காட்டணும் அண்ணி, அண்ணன் மறந்துருவார்" என்றான்.

அன்று ராத்திரியே இவருக்குத் தூக்கம் போய்விட்டது. இருட்டில் எழுந்து போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பூச்சு வேலை பாக்கியிருக்கிறது என்றார். பூசுவதற்கு இரண்டு பேர் தேவையில்லை, அவரவர் பக்கத்தை அவரவர் பூசிக்கொள்ளலாம். அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். அண்ணனும் தம்பியும் பழையபடி ஆனார்கள். தெருவில் எதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவன் வானத்தைப் பார்ப்பான்.

நான் காலையும் சாயங்காலமும் குடத்தில் மொண்டு ஊற்றினேன். குடித்துத் தீராத தாகம் அந்தச் சுவருக்கு. நான் ஊற்றும் நேரத்துக்கே அந்தப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ஓரகத்தி இல்லை, அவள் வளையல் சத்தம் எனக்குத் தெரியும். சாக்கடை எங்கள் பக்கம் என்பதால் அடி வரியில் ஒரு கல் அளவுக்குத் துளை விட்டிருந்தார்கள். அங்கே ஊற்றியது அதன் வழியாக வந்து எங்கள் தண்ணீரோடு சேர்ந்து போகும்.

ஒரு வாரம் முடிந்ததும் இவர் சுவரை விரலால் சுண்டிப் பார்த்து, இறுகிவிட்டது, இனிமேல் வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் அவர் ஆபீஸுக்குப் போன பிறகு நான் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கை பழகியிருந்தது. குடத்தைத் தூக்கும்போதே அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிதானமாக, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்ந்தது. துளை வழியாக ஒரு கோடு வெளியே வந்து, என் காலைச் சுற்றிக்கொண்டு போனது. நான் குடத்தைச் சரித்தேன்.