கடலுக்குள் அடித்தால் அவுட்

இலங்கை மகளிர் அணியில் பதினொரு வருடம் ஆடியும் ஜெனூபா ஒரு சிக்ஸர்கூட அடித்ததில்லை. தூக்கி அடிக்கச் சொல்லிச் சொல்லிப் பயிற்சியாளர்கள் களைத்துப்போனார்கள். மருதமுனைக் கடற்கரையில் அண்ணன் இன்ஸாபோடு விளையாடிப் பழகிய கை அது. அங்கே பந்தைக் கடலுக்குள் அடித்தவர் அவுட். அலைக்குள் இறங்கி அதை எடுத்து வருவதும் அவர் பாடு.

ஓய்வு பெறும் போட்டியில், என்ன வந்ததோ, ஒரு பந்தைத் தூக்கி விளாசினாள். அது எல்லைக் கயிற்றைத் தாண்டி விழுந்தது. சனம் கைதட்ட, அவள் துடுப்பு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு நடக்கத் தொடங்கினாள். மறுமுனையில் ஆடியவள் ஓடிவந்து பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

மாலையில் இன்ஸாப் காக்கா போன் எடுத்தார்.

“டிவியில பாத்தன். நல்ல அடிதான் புள்ள.”

“ஓம் காக்கா.”

“பந்த ஆரு போய் எடுத்த?”