மசால் செழித்த மேடு

அந்த மேட்டு நிலத்தை நினைத்தாலே பால்காரிக்கு வயிற்றெரிச்சல். அமில மண். மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் விதைத்தால் விரல் உயரம் வந்து, மஞ்சள் தட்டி, வந்த வழியே போய்விடும். இந்த முறை விடுவதாக இல்லை. சுண்ணாம்பு தூவி, மண் ஆறக் காத்திருந்து, சூப்பர் பாஸ்பேட் உரமும் போட்டு விதைத்தாள்.

"கல்லுக்கு விருந்து வைக்கிறியாக்கா?" என்று தம்பி கிண்டலடித்தான்.

கல் விருந்தைச் சாப்பிட்டுவிட்டது. மசால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. அவளுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. "ஈரத்தோட, வெறும் வயித்தோட இதுல மேய விடாதீங்க. வயிறு ஊதிச் செத்துடும்" என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் முதலில் வைக்கோல், வெயில் ஏறிய பிறகுதான் மேய்ச்சல், அதுவும் கொஞ்ச நேரம். கேட்டைப் பூட்டினோமா என்று போய்ப் போய்ப் பார்ப்பாள். தம்பிக்கு அதுவும் சிரிப்பு. பயமே தெரியாதவனோடு மாடு வளர்ப்பதைவிடப் பயங்கரம் வேறில்லை.

அன்று காலை பாலை ஊற்றிவிட்டு வந்தவளை அவன் வாயெல்லாம் பல்லாக எதிர்கொண்டான். "நீ வர நேரமாகும்னு நானே மேட்டுல விட்டுட்டேன். என்னமா மேயுது தெரியுமா!"

"வைக்கோல் போட்டியா?"

"இவ்வளவு பச்சை இருக்கு, வைக்கோல் எதுக்கு?"

அவள் பால் கேனைக் கீழே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினாள். கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறைமாதச் செவலைப் பசு மூச்சு முட்டி நின்றது. இடப்பக்க வயிறு முதுகுக்கு மேலே உப்பியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

தம்பி தலையைப் பிடிக்க, எண்ணெயைப் புகட்டினாள். உப்பல் இறங்கவில்லை. போனில் கூப்பிட்டதும் டாக்டர், "நான் வர்றதுக்குள்ள போயிடும். கத்தி இருக்கா? இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல குத்துங்க" என்றார்.

"என்னால முடியாது சார்!"

செவலை முழங்கால் மடங்கிச் சரிந்தது. தம்பி நீட்டிய கத்தியை வாங்கி, கண்ணை இறுக்கி மூடிக் குத்தினாள். புஸ்ஸென்று காற்றும் பச்சை நுரையும் முகத்தில் அடித்தன. மாடு மூச்சை இழுத்தது. தம்பி அழுதுகொண்டே, "பொழைச்சிடுச்சுக்கா!" என்று கத்தினான்.

அவளும் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மேட்டைப் பார்த்தாள். செவலையைக் காப்பாற்றும் அவசரத்தில் மற்ற மாடுகளை யாரும் வெளியே ஓட்டவில்லை. எதுவும் இப்போது மேயவில்லை. மசாலுக்கு நடுவே அங்கங்கே அசையாமல் நின்றன. ஒன்று படுத்துவிட்டது.

"அக்கா, எதை முதல்ல?" என்றான் தம்பி.

அவளுக்கும் தெரியவில்லை.