இனிப்புத் தின்னும் கட்டி

கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரி சந்தனம்மாளின் ஈரலில் இரண்டு கட்டிகள். எது புற்று, எதை அறுப்பது என்று தேனியில் எடுத்த சி.டி. படத்தால் சொல்ல முடியவில்லை. அது உருவத்தை மட்டுமே காட்டும். 2009-இல், அறுவை மருத்துவரான நான் அவளைச் சென்னைக்கு அனுப்பி, கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் (PET) படம் எடுக்க வைத்தேன். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது, ஒரு கட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"புற்றுக்கட்டி பசியோட இருக்கும்மா. சர்க்கரையைக் கண்டா அள்ளித் திங்கும். அதான் எரியுது. அதை மட்டும் எடுத்துருவோம்."

அவள் திரையையே பார்த்தாள்.

"எம் மக பவானிக்கும் இனிப்புன்னா உசுருங்கய்யா. சர்க்கரை நோவு, குடுக்காதேன்னு டாக்டருக சொன்னாக. தோட்டம் பூராம் பழம் தொங்குச்சு, ஒண்ணு குடுக்கல. ஏழு வயசுல போயிட்டா."

"இது வெறும் கட்டி. கண்டதையும் நினைக்காதீங்க" என்று அதட்டினேன்.

மறுவாரம் அறுத்தோம். படம் காட்டிய இடத்திலேயே இருந்தது. பரிசோதனைக்காக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மூடினோம்.

மயக்கம் தெளிந்ததும் சந்தனம்மாள் என் கையைப் பிடித்து, கட்டி எங்கே என்று கேட்டாள். பாட்டிலில் போட்டு மூடிவிட்டதைச் சொன்னேன்.

"மூடுறதுக்கு முன்னால, அதுக்கு ஒரு பழமாச்சும் குடுத்தீகளா?"