கோணல் யார் பக்கம்?

வலது முட்டி வலிக்கிறது என்று கொத்தனார் ஒத்துக்கொள்ளவே பல மாதம் ஆயிற்று. சாரத்தில் ஏறும்போது அவர் அலறியதை மேஸ்திரி வீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பியவரை மனைவி வழிமறித்து பிசியோதெரபி நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

சிகிச்சை தரும் பெண் அவரை ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தினாள். “நாற்காலியில உக்கார்ற மாதிரி மெதுவா பாதி இறங்குங்க.”

இறங்கினார். உடம்பு இடப்பக்கம் சரிந்தது. வலது முட்டி உள்ளே மடங்கியது.

“சாயறீங்கண்ணா.”

“நானா? நான் கட்டின சுவர் ஒண்ணுகூட சாஞ்சதில்லம்மா. உங்க கண்ணாடிதான் கோணல்.”

“வலி வந்தா கால் நம்ம பேச்சைக் கேக்காது. நோகாத பக்கம் பாரத்தைத் தள்ளிடும். நமக்கே தெரியாது.”

“என் காலு, எனக்குத் தெரியாமலா?”

வேலைப் பையிலிருந்து, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து, நூலைக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரமாகப் பிடித்தார். இம்மி விலகலில்லை. பிறகு நூலை நடுவில் தொங்கவிட்டு மறுபடி இறங்கினார். நூலுக்கு நேராக இருந்த மூக்கு, இறங்க இறங்க இடப்பக்கம் ஊர்ந்து போயிற்று.

“சுவரா இருந்தா இடிக்கச் சொல்லியிருப்பேன்” என்று முனகினார்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கே, நீ இறங்கு பார்ப்போம்!”

“இதென்ன பெரிய வித்தை?” என்று இறங்கியவள், அவருக்கு நேரெதிர்ப் பக்கம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, உங்களுக்கு எவ்வளவு நாளா வலி?”

சிரிப்பு அடங்கியது. “ரொம்ப நாளா. வீடு மூணாவது மாடி. ரெண்டு பேரும் முடங்கினா சாமான் என்ன, தானா ஏறி வருமா?”

மாடிக்கு மாடி அவள் நின்று அக்கம்பக்கத்தாரோடு பேசுவது அரட்டைக்காக என்றே கொத்தனார் நம்பியிருந்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மட்டும் சொன்னீங்களா?”

இருவர் முட்டிகளுக்கும் சற்று மேலே ரப்பர் பட்டை மாட்டி, அதை வெளியே தள்ளியபடி இறங்கப் பழக்கினாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சமையலறையில் எதிரெதிரே கைகோத்து நின்று இறங்கினார்கள். ஒருவர் சாய்ந்தால் மற்றவர் அதட்டினார். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் பாதி இறங்கியிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. அவள் துள்ளி எழப் பார்த்தாள்.

கொத்தனார் கையை விடவில்லை. “பால் போனா போகுது. நீ நேரா எழுந்திரு.”