ஆடியில் வராத மாப்பிள்ளை

என் மகள் தமிழ்மொழி சித்திரையில் பிறந்தாள். அதையே குற்றம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார் என் புருஷன் சுபாஷ்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுப்பெண்ணை ஆடி மாசத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். என்னையும் அப்பா நெய்வேலிக்கு வந்து, சீர் வைத்து, அழைத்துப் போனார். இப்போது இவர் சொல்கிறார்: 'ஆடி முழுக்க அவள் தாய்வீட்டில், நான் குவார்ட்டர்ஸில். பிள்ளை சித்திரையில் பிறந்திருக்கிறது. ஆகவே என்னுடையது இல்லை.' விவாகரத்து வேண்டுமாம். ஜீவனாம்சம் தர முடியாதாம். பிள்ளைக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டுமாம்.

படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா சாமிக்கண்ணுவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, ஈடாக வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கலாமே என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. வேலை மாப்பிள்ளைக்குப் போனது. இன்று அவர் மைன்ஸில் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனதும் அவர் அம்மா கண்ணுக்கு என்னைவிடப் பெரிய இடம் ஒன்று தெரிந்துவிட்டது. என் அப்பன் மண்ணில் வந்த சம்பளம், அதில் என் மகளுக்கு ஒரு வாய்ச் சோறு கிடையாதாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நடந்தது இதுதான். ஆடியில் அவர் வந்தார். ஒரு தரம் இல்லை, பல தரம். முதல் ஷிப்ட் முடிந்ததும், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருக்கும் மத்தியானமாகப் பார்த்து வந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாத, பிரபா. மானம் போயிடும்" என்றார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

"டெஸ்ட்டுதான் எடுத்துடேம்மா. உண்ம தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார் அப்பா.

"உண்ம எனக்குத் தெரியும்பா. அந்த ஆளுக்கும் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்? எம்புள்ளய குத்தவாளியாட்டம் நிக்க வெச்சி ரத்தம் எடுக்க வுடமாட்டன்."

கடலூர் குடும்ப நீதிமன்றத்தில் சுபாஷ் கோர்ட்டின் அனுமதி வாங்கி வக்கீல் வைத்திருந்தார். நான் வைக்கவில்லை. என் படுக்கையறைக் கதையை நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். நீதிபதி ஒரு பெண். அவர் நிதானமாகச் சொன்னார்: "கல்யாண வாழ்க்கையில பிறந்த பிள்ளை புருஷனுடையதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு சொல்றவர்தான், ரெண்டு பேரும் சேர வழியே இல்லாம இருந்ததுன்னு நிரூபிக்கணும். அவரை நீங்க கேள்வி கேக்கலாம்."

கூண்டில் நின்றவரைப் பார்த்துக் கேட்டேன். "அந்த ஆடியில எங்கப்பா குடும்பம் எங்க இருந்திச்சின்னு தெரியுமாங்க?"

"ஏதோ குள்ளஞ்சாவடியில வாடகை வீடுன்னு சொன்னாங்க. நான் அந்தப் பக்கமே போனதில்ல."

"ஒரு நாள் கூட?"

"ஒரு நாள் கூட இல்ல."

வாடகை வீடு என்றது சரிதான், நிலத்துக்குப் பின்னால் எங்கள் வீடும் சுரங்கத்துக்குப் போயிருந்தது. ஆனிக் கடைசியில் காலி செய்துகொண்டு குள்ளஞ்சாவடிக்கு வந்தோம். ஆவணி பிறந்ததும் கம்மாபுரத்தில் புது வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த வாடகை வீட்டில் நாங்கள் இருந்தது ஆடி மாசம் மட்டும்தான். இதை முதலில் நீதிபதியிடம் சொல்லி எழுத வைத்தேன். சுபாஷும் மறுக்கவில்லை.

இவரை எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கரன்ட் போகாத ஊர்க்காரர். எங்கள் பக்கத்து வீடுகளை மட்டம் தட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"வராம போனதுல நஷ்டம் உங்களுக்குத்தாங்க. மருமவன் வந்தா தங்கணும்னு எங்கப்பா பாத்துப் பாத்துப் புடிச்ச வூடு அது. காத்து பிச்சிகினு வரும். உங்க குவார்ட்டர்ஸ்ல அந்தக் காத்து கெடைக்குமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காத்தா? அந்தத் தகரக் கொட்டகையிலயா? மத்தியானம் ஆனா கரன்ட்டைப் புடுங்கிடுவான். பனியனைக் கழட்டிப் பிழிஞ்சு போட்டுட்டு வெறுந்தரையில படுத்துக் கிடந்தேன். பெரிசா பேச வந்துட்டா."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எப்போ படுத்துக் கிடந்தீங்க, மிஸ்டர் சுபாஷ்?"

இவர் தண்ணீர் கேட்டார்.

வக்கீல் எழுந்து, "டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அதுக்கு ஏன் இவங்க பயப்படணும்?" என்றார்.

"பயம் இல்லீங்க சார். இன்னிக்கி இவுரு கேட்டாருன்னு குடுத்தா, நாளைக்கி ஜீவனாம்சம் குடுக்கப் புடிக்காத அத்தன பேரும் இதையே கேப்பான். எம்பொண்ணு யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்ல."

அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. டெஸ்ட் மனு தள்ளுபடி. தமிழ்மொழி சுபாஷின் மகள்தான். அவள் வளர்ந்து ஆளாகும்வரை மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க வேண்டும். விவாகரத்தும் கிடைத்தது, அதை நானே சம்மதித்து வாங்கிக்கொண்டேன்.

கோர்ட் வாசலில் அப்பாவிடமிருந்து மகளை வாங்கும்போது அவர் அருகில் வந்தார். "பிரபா, குழந்தையை ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?"

"கோர்ட்டுல மட்டுமாங்க இல்லன்னு சொன்னீங்க? கம்பெனி பஸ்ல உக்காந்துகினு வேலைக்கிப் போற வர்ற ஆளுங்ககிட்டல்லாம் சொன்னீங்க இல்ல? அவங்க முன்னாடி சொல்லிட்டுத் தூக்குங்க."

அவர் எங்கே வந்து சொல்லப் போகிறார் என்று நானே போனேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து பஸ் வரும் நேரம், அவருடைய குவார்ட்டர்ஸ் பிளாக் ஸ்டாப்பில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கினார். என்னைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் இறங்கியவர்களும் நகரவில்லை.

"இது யாருன்னு சொல்லுங்க."

"என் பொண்ணு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பஸ்ஸுக்குள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஜன்னலோரமெல்லாம் முகங்கள். அவர் தலையை நிமிர்த்தினார். "இது என் பொண்ணு. தமிழ்மொழி. என் பொண்ணுதான். நான் சொன்னதெல்லாம் பொய்."

கையை நீட்டினார். கொடுத்தேன். அவரிடம் போனதும் அவள் வீறிட்டு அழுதாள். அவருடைய சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு என் பக்கமே தாவினாள். இவருக்கும் கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அவளைச் சமாதானம் பண்ணி அவர் தோளில் சாய்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"பழகணும்னா வூட்டுக்கு வாங்க. ஆனா ஒளிஞ்சிகினு வராதீங்க, தெருவே பாக்க வாங்க" என்று சொல்லிவிட்டுக் கம்மாபுரம் பஸ் பிடிக்க நடந்தேன்.