சீப்பில் தங்காத முடி

ஆப்பரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் கிருபாநிதியின் கையில் ஒரு எனாமல் தட்டு இருந்தது. மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"மெட்டில்டா, கொஞ்சம் உக்காருங்க."

"எம் புள்ள உசுரோட இருக்காளா? அதை மொதல்ல சொல்லுங்க டாக்டர்."

"இருக்கா. மயக்கம் இன்னும் தெளியல. இதைப் பாருங்க."

துணியை விலக்கினார். மெட்டில்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னங்கரேலென்று, ஈரமாக, ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் வாலாக நீண்டு ஏதோ சுருண்டு கிடந்தது. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே! செத்த கீரிப்புள்ள மாதிரில்லா கெடக்கு! நான் அப்பமே சொன்னேன், எவளோ செய்வினை வச்சிருக்கான்னு. கேட்டியாளா நீ?"

"செய்வினையும் இல்ல, கீரிப்புள்ளையும் இல்லம்மா. தலைமுடி. இரைப்பை முழுக்க அடைச்சு, வால் சிறுகுடலுக்குள்ள எறங்கிட்டு. அதான் பச்சைத்தண்ணிகூடத் தங்காம வாந்தியா வந்திருக்கு. வயித்தைக் கீறி, இரைப்பையைத் திறந்து அப்படியே எடுத்தோம்."

"யாரு முடி?"

"உங்க மக முடிதான். தின்னிருக்கா."

மெட்டில்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மக தலையப் பாத்தியளா நீங்க? முழங்கால் வரைக்கும் கெடக்கு. எங்கனயாவது சொட்டை உண்டா? பிச்சுத் தின்னா தெரியாதா? ஒத்த முடி உதிராது அவளுக்கு. சீப்பை எடுத்துப் பாருங்க, கழுவி வச்ச மாதிரி இருக்கும்."

"ஆமா டாக்டர். இவ அதைச் சொல்லிச் சொல்லித் தெருவுல எங்க மானத்தை வாங்குவா" என்றாள் அந்தோணியம்மாள்.

டாக்டர் தட்டை மூடினார். "முழிச்சதும் கேளுங்க. அதட்டாம கேக்கணும். இந்தப் பழக்கம் நிக்கலேன்னா மறுபடி அடைக்கும். மறுபடி கீறினா தாங்குவாளான்னு என்னால சொல்ல முடியாது."

மெட்டில்டாவின் புருஷன் இஞ்ஞாசி தோணிக்காரன். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவான், அங்கே கிடைத்த சரக்கோடு திரும்புவான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் கூடப்போன தோணிகளெல்லாம் கரை சேர்ந்தும் அவன் தோணியை மட்டும் காணவில்லை. அன்றைக்குப் பனிமய மாதா கோயிலில் முழங்காலிட்டு அவள் ஒரு நேர்ச்சை வைத்தாள். அவர் உசுரோடு வரட்டும், மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை தலையில் கத்தி படாது, பிறகு அத்தனை முடியும் மாதாவுக்கு. இஞ்ஞாசி வந்துவிட்டான். முடி வளர்ந்தது. மெட்டில்டா விடியுமுன் மில்லுக்கு ஷிப்டு போய்விடுவதால், மகள் ஜெசிந்தா தானே தலை வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். இஞ்ஞாசி இப்போதும் கடலில்தான், கொழும்பிலிருந்து திரும்ப வேண்டியவன்.

சாயங்காலம் ஜெசிந்தா கண் திறந்தாள். மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ் ஊசி. உதடு காய்ந்திருந்தது.

"அப்பா வந்துட்டாவளா?"

"வருவாவ. காத்து திரும்பணும்லா." மெட்டில்டா குனிந்தாள். "ஏளா ஜெசி, அம்மா அடிக்க மாட்டேன். நீ முடியத் தின்னியா?"

பிள்ளை கூரையைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு."

"நீதான சொன்ன."

"நானா? முடியத் தின்னுன்னு நானா சொன்னேன்?"

"கீழ விழக்கூடாதுன்னு சொன்ன. இது மாதாவுக்க முடி, ஒண்ணு தரையில விழுந்தாலும் மாதா கேப்பா, அப்பா கடல்ல கெடக்காவ, ஞாபகம் வச்சிக்கன்னு."

சொல்லியிருந்தாள். நேர்ந்துவிட்ட நாளில், சோற்றைச் சிந்தாதே என்பதுபோலச் சொல்லிவிட்டு மில்லுக்குப் போயிருந்தாள்.

"அதுக்கு ஒரு டப்பால போட்டு வைக்கக் கூடாதாளா?"

"வச்சேன். எலி இழுத்துட்டுப் போயிட்டு. அந்தத் தடவைதான் அப்பா தோணியில பாய்மரம் ஒடிஞ்சது." மூச்சு வாங்கியது. "பெறவு ஒண்ணுகூட விடலம்மா. உள்ள போனா யாரும் மிதிக்க மாட்டாவல்லா."

மெட்டில்டா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கழுவி வைத்தது போன்ற சீப்பு கண் முன்னால் நின்றது. எத்தனை பேரிடம் தூக்கிக் காட்டியிருக்கிறாள்!

அந்தோணியம்மாள் பிள்ளையின் காலில் போர்வையை இழுத்து மூடினாள்.

மறுநாள் நர்ஸ் சண்முகத்தாய் ஒரு சீப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். "சிக்கு விழுந்து கெடக்குக்கா. வாரி ரெண்டு சடையாப் போட்டு விடுங்க."

மெட்டில்டா நுனியிலிருந்து மெல்ல வாரினாள். காய்ச்சலடித்த தலை. கொத்தாக வந்தது. சீப்பிலிருந்து அதை உருவி எடுத்ததும், ஊசி குத்திய கை போர்வையிலிருந்து எழுந்து நீண்டது.

"தாம்மா."

"தர மாட்டேன்."

"அம்மா, அப்பா..."

இஞ்ஞாசியிடமிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. மெட்டில்டாவின் விரல்கள் மூடியபடியே இருந்தன. அவளுக்கும் பயம்தான். மகளின் பயத்தைவிடப் பெரிய பயம். மாதாவே, வார்த்தையை விட்டவ நான், கேக்கறதா இருந்தா என்னையக் கேளு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கையைத் திறந்தாள்.

முடி தரையில் விழுந்தது. ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா, எடுத்துரும்மா."

"கெடக்கட்டும்ளா. அப்பாவப் பாத்துக்கிட மாதா இருக்கா. அது உன் வேலையில்ல."

கடல்காற்று ஜன்னல் வழியாக நுழைந்து அந்தச் சுருளை வாசல் பக்கம் உருட்டிக்கொண்டு போனது. மெட்டில்டா அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிப்போய்ப் பொறுக்கிவிடுவாள். சீப்பை மறுபடியும் முடியில் வைத்தாள்.