கிளைமாக்ஸ் அக்கா இப்போ எங்கே?

இருபத்தாறு வருஷமாக அந்த வார இதழில் செத்தவர்களைப் பற்றி மட்டுமே எழுதிவந்த நிருபருக்கு அலுவலகத்தில் 'இரங்கல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுப் போடும் நாளில்தான் அவருக்கே ஞாபகம் வரும். உள்ளூரில் எந்த முரடன் கண்ணை மூடினாலும் 'அன்னார் பழகுவதற்கு இனிமையானவர்' என்று கூசாமல் எழுதிக் கொடுத்தது அவர் கைதான். செத்தவர்களும் மறுத்ததில்லை, உயிரோடு இருந்தவர்களும் வாய் திறந்ததில்லை. நிம்மதியான உத்தியோகம்.

அந்த நிம்மதிக்கு மாப்பிள்ளை வேட்டு வைத்தார். மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மருமகன். மாமனார் தலையில் கட்டிய ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் ஆபீஸ் பையனிலிருந்து அச்சகம் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

"செத்தவங்களையே எத்தனை நாளைக்கு எழுதுவீங்க இரங்கல் சார்? அவங்க யாரும் பேப்பர் வாங்கிப் படிக்கிறதில்ல," என்றார் ஒரு திங்கட்கிழமை. "ஒரு காலத்துல ஊரே பேசின ஆளுங்க இருக்காங்கள்ல, அவங்க இப்ப எங்க இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு தேடிப் பிடிச்சு எழுதுங்க. உயிரோட இருக்கிறவங்களா பாருங்க, புண்ணியமாப் போகும்."

முதல் வாரம், ஒரே ஆட்டத்தில் பதினோரு கோல் விட்ட கோல்கீப்பரைப் பிடித்தார். அந்த மனுஷன் இப்போது கொசுவலை விற்றுக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், நகரசபைக் கூட்டத்தில் தூக்கக் கலக்கத்தில் கையைத் தூக்கி, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நூலகத்துக்கு மாடி வாங்கிக் கொடுத்த உறுப்பினர். அவர் இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். பேட்டியை அவர் மனைவிதான் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் நாற்பத்து மூன்று கடிதங்கள் வந்தன. முப்பத்தொன்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கிளைமாக்ஸ் அக்கா இப்போ எங்கே?

கடைவீதி முனையில் முன்பு ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. அதன் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண்தான் கிளைமாக்ஸ் அக்கா. சுவரில் ஒரு கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் பின்னால் ஒரு குரல். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வரிசையில் முட்டித் தள்ளினால், முழங்கை வரை உள்ளே விட்டால், பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை அடித்துக்கொண்டே நின்றால், எல்லாவற்றையும்விட, "படம் நல்லா இருக்குமா?" என்று கேட்டால், அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு, வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்வாள்: "கடைசியில ஹீரோ செத்துடுவான். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, காதைக் கழுவவும் முடியாது. பெரிய பெரிய ரௌடிகள்கூட அந்த ஓட்டைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு, விரலால் எண்ணிக்கை காட்டி டிக்கெட் வாங்கினார்கள். நகரத்தில் ஒழுங்கான வரிசை நின்ற ஒரே இடம் அதுதான் என்று போலீஸ்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தியேட்டரை மூடி சோபா கடை ஆக்கினார்கள். அக்கா போன இடம் தெரியவில்லை.

இரங்கலுக்கு இந்த வேலை தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. காரணம் அவருக்கு மட்டும் தெரியும்.

முதலில் பழைய ஆபரேட்டரைத் தேடிப் போனார். ஒரு காலத்தில் படம் ஓட்டிய மனுஷன், இப்போது ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில் கண்காணிப்பு கேமரா அறையில் இருந்தார். "அதே வேலைதான் சார். இருட்டு ரூம்ல உக்காந்து படம் பார்க்கிறேன். என்ன, இதுல கதை கிடையாது," என்று கொட்டாவி விட்டார். "அக்காவா? தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு போச்சு. எனக்கே பதினஞ்சு படத்தோட முடிவைச் சொல்லிடுச்சு சார். நான் ஓட்டுற படத்தையே!"

ஆபரேட்டர் சொன்ன அடுக்குமாடிக் குடியிருப்பில், தங்கை மூன்றாவது மாடியில் இருந்தாள். கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்தாள். அக்கா பெயரை எடுத்ததும் முகம் கடுகடுவென்று ஆனது.

"எட்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. நாலு வருஷமா நான் ஒரு சீரியல் பார்த்துட்டிருந்தேன். ஒரு எபிசோடு விடல. இவ வந்தா, அஞ்சு நிமிஷம் பார்த்தா, 'இவதான் அவனோட நெஜ அம்மா'ன்னா. மறுநாளே அப்படியே ஆச்சு! கூடப் பொறந்தவ பண்ற வேலையா இது?"

"இப்ப எங்க இருக்காங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? பேசறதே இல்லன்னு சொல்றேன்ல," என்றவள், கதவை மூடப்போய், மறுபடி திறந்தாள். "பெரிய ஆஸ்பத்திரில, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் குடுக்கிற கவுன்ட்டர். காலைல எட்டுலேர்ந்து நாலு வரைக்கும். மதியம் அரை மணி நேரம் சாப்பாடு. முழங்கால் வலின்னு கேள்வி."

பேசாத அக்காவைப் பற்றி இவ்வளவு தெரிந்த தங்கைக்கு நன்றி சொல்லிவிட்டு இரங்கல் இறங்கினார்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், பினாயில் நெடிக்கு நடுவே முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். யாரும் முழுசாக உட்காரவில்லை, பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மங்கலான கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு அரைவட்ட ஓட்டை.

இரங்கல் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெயின்டர் நின்றிருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சாயம். ஒட்டிய உறையை வாங்கியவர் நகரவில்லை.

"அம்மா, இதுல என்ன போட்டிருக்கு? நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்றது அந்தக் குரல். "எட்டாம் நம்பர் ரூம்ல டாக்டர் இருக்காரு. நேராப் போய் வலது பக்கம்."

"படிக்கத் தெரியாதவங்களையா இங்க உக்கார வைப்பாங்க?"

"எனக்குச் சிபாரிசு பலம். போங்க, கூட்டம் இல்ல இப்ப."

பெயின்டர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு நகர்ந்தார். இரங்கல் ஓட்டைக்குள் கையை நீட்டி, தன் அடையாள அட்டையை வைத்தார். அட்டையை எடுக்க வந்த விரல்கள் பாதியில் நின்றன.

"கோணச் சுண்டுவிரல்," என்றது குரல். "பால்கனி ரெண்டு டிக்கெட். படம் நல்லா இருக்குமான்னு கேட்டவரு."

இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம்! இரங்கல் ஓட்டையை நோக்கிக் குனிந்தார். "எப்படிங்க ஞாபகம்?"

"மூஞ்சியப் பார்த்தாத்தானே மறக்கிறதுக்கு? நான் பார்த்ததெல்லாம் கைதான். மணி பன்னெண்டரைக்குச் சாப்பிட வருவேன். பின்பக்கம் படிக்கட்டுல நில்லுங்க."

பின்பக்கப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தவள் சின்ன உருவம். நரைத்த தலை, முழங்காலில் பட்டி. ஊரையே நடுங்க வைத்த குரல் இந்த உடம்பில் எங்கே இருந்தது என்று இரங்கல் தேடினார். டிபன் டப்பாவைத் திறந்தபடி, "அந்த ரெண்டாவது டிக்கெட் யாருக்கு?" என்றாள்.

அதைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அன்று அவரோடு வந்தவள், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் புதிதாக வந்திருந்த பெண். அவளுக்கு வீட்டில் ஒரு இன்ஜினியரையும் பார்த்து வைத்திருந்தார்கள். அவள் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றபோது இவர் டிக்கெட் வாங்கினார். "கொலை பண்ணது சமையல்காரம்மா," என்றாள் அக்கா. இரண்டரை மணி நேரப் படம் அந்த நிமிஷமே செத்துப்போனது. ஆனால் இடைவேளையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தாடையைத் தடவிக்கொண்டு, "எனக்கென்னவோ அந்தச் சமையல்காரம்மா மேலதான் சந்தேகம்," என்றார். அந்தம்மா அதுவரை படத்தில் இரண்டே தடவைதான் தலை காட்டியிருந்தாள். கடைசிக் காட்சியில் விலங்கு அவள் கையில் விழுந்தபோது, கணக்கு டீச்சர் திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். அடுத்த மாதம் இன்ஜினியருக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

"அப்ப அவங்க உங்க மூளையப் பார்த்துதான்..."

"ஆமா."

அக்கா சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஆயிரம் பேரோட படத்தைக் கெடுத்தேன், ஒருத்தருக்காவது கல்யாணம் ஆச்சு," என்றாள்.

பேட்டி என்றதும் சிரிப்பு நின்றது.

"வேண்டாம். இங்க சேர்ந்த புதுசுல, முதல் மாசம், ஒருத்தர் கெஞ்சுனாரு. லாரி டிரைவர். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! உறையப் பிரிச்சு முதல் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க'ன்னேன். அந்த மனுஷன் எல்லாரையும் கட்டிப் பிடிச்சாரு. வெளிய ஓடி வீட்டுக்கு போன் பண்ணாரு. ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருந்திருக்கு. அதை நான் பார்க்கல."

இரங்கல் பேனாவை மூடினார்.

"அன்னிலேர்ந்து எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள். "இப்ப நீங்க எழுதுனா என்ன ஆகும்? முடிவு சொல்ற அக்கா இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சுடும். அத்தனை பேரும் என்கிட்டயே கேப்பாங்க. நான் பேசாம இருந்தா, பேசாம இருக்கிறதுக்கு அர்த்தம் தேடுவாங்க. இருமுனாக்கூட எவனாவது மயங்கி விழுவான். பேசாம உங்க சமையல்காரம்மா கதையப் போடுங்க."

"என் சம்சாரம் கொன்னுடுவா."

"அதோட முடிவு எனக்குத் தெரியாது," என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

அலுவலகம் திரும்பியபோது மாப்பிள்ளை காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தார். 'இந்த வாரம்: கிளைமாக்ஸ் அக்கா!' என்று பெட்டிக்கடைகளில் தட்டி தொங்கியது. கிடைக்கவில்லை என்று சொன்னால் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் அவர். தங்கை வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், பேசாத அக்காவின் மொத்த ஜாதகமும் கைக்கு வந்துவிடும். இனி யாரும் தேடாதபடி எதையாவது முழுசாக எழுதி முடித்தாக வேண்டும். புதன்கிழமை முழுவதும் இரங்கல் வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டிருந்தார். செத்தவர்களுக்காக இருபத்தாறு வருஷம் ஒரே மூச்சில் பொய் எழுதியவர், ஒரே ஒரு உண்மைக்கு நாலு தாளைக் கிழித்துப் போட்டார். சாயங்காலம் எழுதினார்.

'பார்த்தேன். நலமாக இருக்கிறார். எங்கே என்று கேட்காதீர்கள், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, அவர் சொன்ன ஒரு முடிவினால் பிழைத்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன்.' அதற்குப் பிறகு பால்கனி, சமையல்காரம்மா, தாடையைத் தடவியது, இன்ஜினியர் தப்பித்தது என்று ஒன்று விடாமல் எழுதிவிட்டார்.

மாப்பிள்ளை படித்துவிட்டு, "போட்டோ எங்க? விலாசம் எங்க?" என்று குதித்தார். பிறகு மறுபடி படித்தார். "சார், வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவரும் கல்யாணம் ஆனவர்தானே.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இரங்கல் முகச்சவரம் செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு, ஒரே கன்னத்தை மூன்று தடவை மழித்தார். சத்தமே இல்லை. பாத்திரம் விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். டீச்சர் வந்தாள், பையை மாட்டினாள், பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். அதுக்கப்புறம் எத்தனை படம் பார்த்திருப்போம்? ஒண்ணுலகூட நீங்க சரியா யூகிச்சதே இல்லையே!"

"இல்ல."

"எல்லாம் தெரிஞ்சுகிட்டே, எனக்குப் படம் கெட்டுடக்கூடாதுன்னுதான் தப்புத் தப்பாச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். "இருபத்து நாலு வருஷமா! எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு அடக்கம்னு. ஸ்டாஃப் ரூம்ல சொல்லி வேற வச்சிருக்கேன்."

"மன்னிச்சுக்கோ," என்றார் இரங்கல்.

"முதல் வருஷம் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். பத்தாவது வருஷம்னா சண்டை போட்டிருப்பேன். இப்ப என்ன பண்றது? சண்டை போட எனக்கு நேரம் இருக்கா? அறுபது பரீட்சைப் பேப்பர் கெடக்கு." எழுந்தவள் நின்றாள். "அந்தம்மா எங்க இருக்காங்க? நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயே?"

"உன்கிட்டயும்தான்."

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அன்றைக்குக் கடைசிக் காட்சியில் பார்த்த பார்வை இல்லை இது. கணக்கு சரிதானா என்று இன்னொரு முறை போட்டுப் பார்க்கிற பார்வை. பிறகு விடைத்தாள் கட்டை எடுக்கப் போனாள். அந்த வாரம் முழுக்கப் பேச்சுவாக்கிலும் தூக்கக் கலக்கத்திலும் அவர் வாயைக் கிளறிப் பார்த்தாள். அவர் மூச்சு விடவில்லை. அதில் அவளுக்குக் கோபமும் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

ஆனால் அவள் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் பொட்டலம் கட்டியபடி, குடும்ப விஷயம் விசாரிக்கிற அக்கறையோடு கேட்டார்: "சார், நீங்க நெஜமாவே புத்திசாலி இல்லையாமே? டீச்சரம்மா சொன்னாங்க."

பின்னால் நின்ற நாலு பேர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமாங்க," என்றார் இரங்கல். "சுமார்தான்."

சொன்னபிறகுதான் தெரிந்தது, எக்கிப் பிடித்த வயிற்றை ஒருவழியாக விட்டதுபோல இருந்தது. மூச்சைத் தாராளமாக இழுத்துக்கொண்டு, ரொட்டியை அக்குளில் இடுக்கியபடி மெதுவாக நடந்தார்.